மஞ்சப்பைக்குள் வட்டம்

சிவகாசியில் காகிதம் குப்பைக்குப் போவதில்லை. அச்சகத்தில் ஓரம் வெட்டி விழுகிற துண்டுகூட யாராவது ஒருவர் வீட்டுக்குக் கட்டாகப் போய்ச் சேரும். ஜெயபாக்கியத்தின் வீட்டுக்கும் அப்படி மூன்று கட்டுகள் வந்தன. கல்யாணப் பத்திரிகைக்கு அடித்ததில் மிஞ்சிய சிவப்பு அட்டை ஒன்று. மருந்துப் பெட்டிக்கு அடித்ததில் மிஞ்சிய நீலம் ஒன்று. நோட்டு மேலட்டையில் மிஞ்சிய பச்சை ஒன்று. கட்டிங் மெஷினில் வேலை பார்க்கிற அவள் கணவர் மூன்றையும் சைக்கிள் கேரியரில் கொண்டுவந்து இறக்கி, புதுசாக டீச்சர் ஆனவளுக்குச் சீர்வரிசை என்றார்.

அவள் சிரிக்கவில்லை. டீச்சர் ஆகிவிட்டோமா என்பது அவளுக்கே இன்னும் நிச்சயமில்லை.

அதே பாலர் பள்ளியில் அவள் பல வருஷம் ஆயாவாக இருந்தவள். மூக்குச் சிந்திவிட்டு, கால் கழுவிவிட்டு, அழுகிற பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே தபாலில் பட்டம் படித்தாள். பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவள்தான். சின்னப் பிள்ளைகளின் வகுப்பை எடுத்துக்கொண்டிருந்த டீச்சர் பாதி வருஷத்தில் கல்யாணமாகிப் போனபோது, தலைமை ஆசிரியை தபிதா டீச்சர் தாளாளரிடம் போய் ஜெயபாக்கியத்தின் பேரைச் சொன்னார்.

தாளாளர் ராஜரத்தினம் அண்ணாச்சி நல்ல மனுஷர். வடிவ நாள் வரைக்கும் பார்ப்போம் என்றார். அன்றைக்குப் பெற்றோர் எல்லாரும் வருவார்கள், பிள்ளைகள் வட்டம் சதுரம் முக்கோணம் சரியாகச் சொன்னால் வகுப்பு அவளுக்கு, இல்லாவிட்டால் ஆயா வேலை எங்கேயும் ஓடிப் போகாது என்றார். தைரியம் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். ஜெயபாக்கியத்துக்கு அது அறை வாங்கினதுபோல இருந்தது.

தபிதா டீச்சர் வயதில் அவளைவிட ரொம்பச் சின்னவர். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். ஆனாலும் இந்த வேலையில் அவர்தான் குரு. அதிகம் பேசமாட்டார். கேள்வி கேட்டால் பதில் வராது, ஒரு வேலைதான் வரும். இந்தப் பிள்ளை ஏன் டீச்சர் அழுகிறது என்று கேட்டால், பிள்ளையைத் தூக்கிக் கேட்டவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அதனால் மற்ற டீச்சர்கள் அவரிடம் கேள்வி கேட்பதையே நிறுத்திவிட்டிருந்தார்கள். தபிதாகிட்ட வாயைக் குடுத்தா கைக்கு வேலை வரும் என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள்.

ஒரு மதியம், பிள்ளைகள் பாயில் தூங்கிக்கொண்டிருந்தபோது, ஜெயபாக்கியம் வராந்தாவில் உட்கார்ந்து கட்டுகளைப் பிரித்தாள். சிவப்புக் கட்டு முழுவதையும் வட்டமாக வெட்டினாள். நீலக் கட்டு முழுவதும் சதுரம். பச்சைக் கட்டு முழுவதும் முக்கோணம். கட்டுக்கு ஒரு வடிவம் என்று வைத்துக்கொண்டால் கை பழகிவிடும், அளவும் பிசகாது.

தபிதா டீச்சர் வந்து பக்கத்தில் குத்தவைத்தார். மூன்று கட்டுகளையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அட்டை நகராமல் இருக்க அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். அவள் வெட்டி முடித்ததும், கீழே கிடந்த ஒரு பச்சைத் துண்டை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்.

அட்டைகள் வேலை செய்தன. அவள் நினைத்ததைவிட நன்றாகவே செய்தன.

ஒன்றைத் தூக்கிக் காட்டினால் போதும். வட்டம், சதுரம், முக்கோணம் என்று பிள்ளைகள் கூரை அதிரச் சொன்னார்கள். தன்விகா என்ற பெண்பிள்ளை அட்டை முழுசாக மேலே வருவதற்குள் சொல்லிவிடும். அந்த வழியாகப் போன அண்ணாச்சி ஒரு நாள் ஜன்னலோரம் நின்று கேட்டுவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு போனார். வாசலில் பிள்ளையைக் கூட்டிப்போக வந்த தாய்மார்கள், ஆயாம்மாவுக்கு இவ்வளவு வருமா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த நாட்களில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. மதியச் சாப்பாட்டின்போது லோகித் என்ற பையன் தன் டிபன் டப்பாவின் மூடியைத் தூக்கிக் காட்டி, இது வட்டம் என்றான். மூடி நீல நிறம். தன்விகா, நீலம்னா சதுரம்டா என்றாள். சுற்றி உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எல்லாம் தன்விகா பக்கம் சேர்ந்துகொண்டன. லோகித் விடவில்லை. கடைசியில் எல்லாரும் சேர்ந்து சதுரம் சதுரம் என்று கத்தவும் வாயில் சோற்றோடு அழுதான். ஜெயபாக்கியம் வந்து, சாப்பிடும்போது சண்டை போடக்கூடாது என்று பொதுவாக அதட்டிவிட்டு, லோகித்தின் வாயைத் துடைத்து, மூடியைக் கவிழ்த்து வைத்தாள். எதற்குச் சண்டை என்று கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு அவள் தபிதா டீச்சரிடம் போனாள். உண்மையைச் சொன்னால், அவள் மனசில் சந்தேகம் எதுவும் இல்லை. ஒரு பாராட்டு வராதா என்றுதான் போனாள்.

"டீச்சர், புள்ளைகளுக்கு வடிவம் தெரிஞ்சிருச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

தபிதா டீச்சர் அலமாரியைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு வரும்போது ஒரு மஞ்சப்பை கொண்டாங்கக்கா."

அவள் கொண்டுவந்தாள். ஏதோ கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த பை. மணமக்கள் பேர் பாதி அழிந்துபோயிருந்தது. தபிதா டீச்சர் வகுப்புக்குள் வந்து தரையில் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்தார். ஜெயபாக்கியத்தின் அட்டைகளில் சிலவற்றைப் பையில் போட்டு, தன்விகாவைக் கூப்பிட்டு, உள்ளே கையை விட்டு ஒரு வட்டம் எடுத்துத் தரச் சொன்னார்.

தன்விகா முதலில் பைக்குள் எட்டிப் பார்த்தாள். டீச்சர் பையின் வாயை அவள் மணிக்கட்டோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"பாக்காம."

பிள்ளை துழாவியது. ஒரு அட்டையைத் தொட்டது, விட்டது, இன்னொன்றைத் தொட்டது. கை உள்ளே என்ன செய்கிறது என்பது துணிக்கு வெளியே தெரிந்தது. எலி ஓடுகிற மாதிரி ஓடியது. கடைசியில் ஒன்றை இழுத்தாள். நீலச் சதுரம். அதைப் பார்த்ததும் அவளே சதுரம் என்று சொல்லிவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

அடுத்த பிள்ளை. அதற்கடுத்த பிள்ளை. அதிர்ஷ்டத்தில் ஒன்றிரண்டு பேருக்குச் சரியாக வந்தது. அவ்வளவுதான்.

ஜெயபாக்கியத்துக்கு முகம் சுண்டியது. பைக்குள் கைவிடுவது பிள்ளைகளுக்குப் புது விளையாட்டு, பயந்திருப்பார்கள் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தபிதா டீச்சர் தன் கைப்பையிலிருந்து ஒரு பச்சை அட்டையை எடுத்தார். அச்சுக்குறி விழுந்த ஓரத்துண்டு. அதை வட்டமாக வெட்டியிருந்தார். தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார்.

வகுப்பு ஒரே குரலில், அதே கூரை அதிரும் சந்தோஷத்தோடு சொன்னது.

"முக்கோணம்."

லோகித்தும் சொன்னான். அவன் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. சொல்லிவிட்டு, இந்தத் தடவை சரியாகச் சொல்லிவிட்டேனா என்பதுபோல் தன்விகாவைத் திரும்பிப் பார்த்தான்.

ஜெயபாக்கியத்துக்கு அந்த டப்பா மூடி ஞாபகம் வந்தது. கவிழ்த்து வைத்த தன் கையும்.

பிள்ளைகளைத் தண்ணீர் குடிக்க அனுப்பிவிட்டு அவள் தபிதா டீச்சருக்கு முன்னால் நின்றாள். வடிவ நாள் நெருங்கிவிட்டது. இனிமேல் என்ன செய்வது என்று கேட்டாள். கேட்கும்போதே வழியும் தோன்றிவிட்டது. கத்தரிக்கோல் இடுப்பில்தான் செருகியிருந்தது. அதை வெளியே எடுத்தாள்.

"ஒவ்வொரு வடிவத்தையும் எல்லாக் கலர்லயும் வெட்டிரட்டுமா டீச்சர்? இன்னிக்கே உக்காந்தா முடிச்சிருவேன்."

தபிதா டீச்சர் கையை நீட்டினார்.

"அதைக் குடுங்கக்கா."

வாங்கி, தன் மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். மஞ்சப்பையை மட்டும் அவள் தோளில் மாட்டிவிட்டுப் போனார்.

வீட்டுக்கு நடந்து போகிற வழியெல்லாம் ஜெயபாக்கியம் கணக்குப் போட்டாள். வடிவ நாளில் அண்ணாச்சி அந்த அட்டைகளைத்தான் எடுத்துக் காட்டுவார். சிவப்பு, நீலம், பச்சை. பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். அண்ணாச்சிக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. தபிதா டீச்சர் யாரிடமும் சொல்லப்போவதில்லை. அவள் டீச்சர் ஆகிவிடுவாள். பிறகு சாவகாசமாகச் சரிசெய்துகொள்ளலாம்.

எல்லாம் சரியாகத்தான் வந்தது. லோகித்திடம் வந்தபோது மட்டும் கணக்கு நின்றது. அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததை மறக்கவைத்தது அவளுடைய வகுப்பு.

மறுநாள் காலையில் முதல் வேலையாக முக்காலி போட்டு ஏறி, அட்டைகளை அலமாரியின் மேல்தட்டில் பின்பக்கமாகத் தள்ளி வைத்தாள்.

அட்டை இல்லை. கத்தரிக்கோலும் இல்லை. மிச்சம் இருந்தது தரையும் பிள்ளைகளும்தான்.

சாக்பீஸால் தரை முழுக்கப் பெரிய வட்டம் ஒன்று, சதுரம் ஒன்று, முக்கோணம் ஒன்று போட்டாள். பிள்ளைகளை ஒருவர் தோளை ஒருவர் பிடிக்கவைத்து ரயில் ஓட்டினாள். முன்னால் போகிற பிள்ளை கோட்டைப் பார்த்து நடக்கும், பின்னால் வருகிற எல்லாரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும், ரயில் எங்கே திரும்புகிறது என்று சொல்ல வேண்டும். சதுரத்தில், இப்ப திரும்புது, இப்ப திரும்புது என்று கத்தினார்கள். முக்கோணத்தில் வெடுக்கென்று திரும்பியதில் பாதி ரயில் கவிழ்ந்தது. அதை மறுபடியும் செய்யச் சொல்லிக் கேட்டார்கள். வட்டத்தில் வந்ததும் சத்தம் அடங்கியது. கடைசிப் பெட்டியாக வந்த ஆஃப்ரின் என்ற பிள்ளை கொஞ்ச நேரம் கழித்து, திரும்பிட்டேதான் இருக்கு என்றது.

மறுநாள் சணல் கயிறு. முனைகளை முடிந்து, மூன்று பிள்ளைகளை உள்ளே நிறுத்தி, முதுகால் இழுத்துப் பிடிக்கச் சொன்னாள். முக்கோணம் வந்தது. அவர்களுக்கு மூலை என்று பேர் வைத்தாள். ஒரு மூலை ஒன்றுக்கு வருகிறது என்று ஓடிவிட்டது, முக்கோணம் கோடாகிப்போனது. எல்லாரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் மூலை இல்லாமல் எதுவும் நிற்காது என்பதை அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். வட்டம் வந்தபோது லோகித் தனக்கு மூலை வேண்டும் என்று அடம்பிடித்தான். வட்டத்தில் மூலை இல்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரோரம் போய் நின்றான். பிள்ளைகள்தான் அவனை இழுத்துவந்தார்கள். எல்லாரும் கயிற்றுக்குள் நெருக்கியடித்து நின்று சாய்ந்தபோது, கயிறு தானாக வட்டமாக வந்தது. அதில் லோகித்தும் இருந்தான்.

மஞ்சப்பை தினமும் வந்தது. ஒவ்வொரு நாளும் வீட்டிலிருந்து ஏதாவது போட்டுக்கொண்டு வருவாள். பாட்டில் மூடி, வளையல், காலித் தீப்பெட்டி, சாயம் போன மரக்கட்டை. முக்கோணத்துக்குத்தான் பொருள் கிடைப்பது பெரும்பாடாக இருந்தது. வீடு முழுக்கத் தேடியும் இல்லை. கடைசியில் தெருமுனை டெய்லரிடம் கேட்டு, அவர் துணியில் கோடு போடுகிற முக்கோணச் சாக்குக் கட்டியை வாங்கிவந்தாள்.

அன்றைக்கு முக்கோணம் கேட்டதும் எல்லாப் பிள்ளைகளும் டக் டக்கென்று எடுத்துவிட்டார்கள். ஜெயபாக்கியத்துக்குச் சந்தோஷம் பொங்கியது. பிறகு ஆஃப்ரினின் கையைப் பார்த்தாள். விரலெல்லாம் வெள்ளை. தொட்டால் மாவுபோல் உதிர்கிற பொருள் எதுவோ அதுவே முக்கோணம் என்று கண்டுபிடித்திருந்தார்கள்.

மறுபடியும் அதே தப்பு, வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது என்று நினைத்தாள். இந்தத் தடவை யாரும் காட்டித்தரவில்லை. அவளே பிடித்துவிட்டாள். சாக்குக் கட்டியைத் துடைத்து, செல்லோடேப் சுற்றினாள். கத்தரிக்கோல் இல்லாததால் டேப்பைப் பல்லால் கடித்துத் துண்டாக்கினாள்.

பிள்ளைகள் மெதுவாகிக்கொண்டே வந்தார்கள். அதுதான் அவளைப் பயமுறுத்தியது. கூரை அதிர்ந்த வகுப்பில் இப்போது சத்தமே இல்லை. எதைக் காட்டினாலும் கையை நீட்டினார்கள். வாங்கி, தடவி, யோசித்து, சில சமயம் தப்பாகச் சொன்னார்கள். தன்விகாவின் அம்மா ஒரு சாயங்காலம் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். முன்னால் வீட்டில் எதைக் கேட்டாலும் பட்டென்று சொன்ன பிள்ளை, இப்போது கண்ணை மூடிக்கொண்டு தட்டைத் தடவிக்கொண்டிருக்கிறது, சொந்தக்காரர்கள் கண்ணில் ஏதாவது கோளாறா என்று கேட்கிறார்கள் என்றாள். அதோடு விட்டிருக்கலாம்.

"படிச்ச டீச்சர் இருந்தவரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சு, ஆயாம்மா."

ஜெயபாக்கியம் தலையை ஆட்டி வழியனுப்பினாள். உள்ளே வந்து குடத்துத் தண்ணீரை மொண்டு முகத்தில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள்தான் வடிவ நாள். வகுப்பில் தோரணம் கட்டி முடித்த பிறகு அவள் முக்காலியை அலமாரியோரம் இழுத்துப் போட்டாள். ஏறினாள். மேல்தட்டில் கையை விட்டபோது அட்டைக் கட்டு விரலில் பட்டது. ஒருமுறை, நாளைக்கு ஒரே ஒருமுறை காட்டிவிட்டால் போதும். காலையில் பிள்ளைகள் வந்ததும் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தால் பழைய சத்தம் திரும்ப வந்துவிடும்.

முக்காலி ஆடியது. பிறகு ஆடவில்லை. அவள் குனிந்து பார்த்தாள். தபிதா டீச்சர் முக்காலியின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேலே பார்க்கவில்லை. எதை எடுக்கிறீர்கள் என்று கேட்கவுமில்லை. விழுந்துவிடாமல் இருக்கப் பிடித்திருந்தார், அவ்வளவுதான்.

ஜெயபாக்கியம் அட்டைக் கட்டை விட்டுவிட்டு வெறுங்கையோடு இறங்கினாள்.

வடிவ நாளன்று பெற்றோர் பெஞ்சுகளில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். அண்ணாச்சி வெள்ளைச் சட்டையில் நடுவில். வந்ததும் வராததுமாக, அந்த அட்டையெல்லாம் எங்கே, எடுத்து வாங்க என்றார். அன்று ஜன்னலோரம் நின்று கேட்டது அவருக்கு ஞாபகம் இருந்தது. ஜெயபாக்கியம் எடுத்துக்கொடுத்தாள்.

அவர் சிவப்பு வட்டத்தைத் தூக்கிக் காட்டி, இது என்ன என்று கேட்டார்.

யாரும் பேசவில்லை. தன்விகா வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். பிறகு எழுந்து அண்ணாச்சியிடம் போய்க் கையை நீட்டினாள். அவருக்குப் புரியவில்லை. அவள் அம்மா முன்னால் குனிந்து, சொல்லுடி என்று கிசுகிசுத்தாள்.

ஜெயபாக்கியத்துக்குத் தெரியும். சிவப்பு என்று ஒரு சொல் போதும். உச்சரிக்கக்கூட வேண்டாம், தன் சிவப்பு முந்தானையைத் தொட்டுக் காட்டினால் போதும், மொத்த வகுப்பும் பழையபடி கத்திவிடும். சொல் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள்.

அண்ணாச்சி அட்டையைப் பிள்ளையிடம் கொடுத்தார். தன்விகா கண்ணை மூடி, ஆள்காட்டி விரலை ஓரத்தில் வைத்து மெதுவாக ஓட்டினாள். ஒரு சுற்று. நம்பாமல் இன்னொரு சுற்று.

"மூலையே வரல. வட்டம்."

யாரோ ஒருவர் கைதட்ட ஆரம்பித்து, மற்றவர்கள் தட்டாததால் நிறுத்தினார். முன்னால் எல்லாம் டக்கென்று சொல்வார்கள் அண்ணாச்சி, இப்போதுதான் இப்படி என்று தன்விகாவின் அம்மா சொன்னாள். அண்ணாச்சி ஜெயபாக்கியத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபமில்லை. சங்கடம் இருந்தது. அது கோபத்தைவிட மோசமாக இருந்தது.

அந்த நேரத்தில் ஆஃப்ரின் மஞ்சப்பையைத் தரையில் இழுத்துக்கொண்டு வந்து அவர் மடியில் வைத்தது. பிள்ளைகளைப் பொறுத்தவரை அன்றைய விளையாட்டு இன்னும் தொடங்கவே இல்லை.

"தாத்தா, நீங்க எடுங்க."

அண்ணாச்சி சிரித்துக்கொண்டே கையை உள்ளே விட்டார். விட்ட கையோடு பைக்குள் எட்டிப் பார்த்தார். பார்க்கக் கூடாது என்று வகுப்பே எழுந்து நின்றுவிட்டது. பெற்றோர் பக்கம் சிரிப்பு எழுந்தது. அவர் நிமிர்ந்து, கூரையைப் பார்த்துக்கொண்டு துழாவினார். ரொம்ப நேரம் துழாவினார். எதையோ பிடித்தார், விட்டார், மறுபடி பிடித்தார். நெற்றியில் சுருக்கம் விழுந்தது. கடைசியில் சதுரம் என்று சொல்லி இழுத்தார். காலித் தீப்பெட்டி.

தன்விகா அவர் கையிலிருந்து அதை வாங்கிப் பக்கவாட்டில் விரலை ஓட்டிக் காட்டி, இது சதுரம் இல்லை தாத்தா, நீட்டுச் சதுரம் என்று பொறுமையாக விளக்கினாள்.

அவர் தீப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். சின்ன வயதில் தீப்பெட்டி ஒட்டி வளர்ந்தவர். அதுவரை அவர் கை அதை இப்படிப் பார்த்ததில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அப்போது லோகித் எழுந்து போனான். எங்கே போகிறான் என்று யாரும் கவனிக்கவில்லை. சாப்பாட்டுப் பைகள் இருக்கிற மூலைக்குப் போய்த் தன் டிபன் டப்பாவின் மூடியைக் கழற்றிக்கொண்டு வந்தான். நீல மூடி. அண்ணாச்சியிடம் வரவில்லை. நேராக ஜெயபாக்கியத்திடம் வந்து, அவள் கையை இழுத்து, அவள் விரலை மூடியின் ஓரத்தில் வைத்து ஓட்டினான். முழுசாக ஒரு சுற்று.

"இது வட்டம்தான. இல்ல டீச்சர்?"

அவள் அவன் உயரத்துக்கு முட்டிபோட்டு உட்கார்ந்தாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பற்றி அவள் அப்போது நினைக்கவில்லை.

"ஆமாய்யா, வட்டம்தான். அன்னிக்கும் வட்டம்தான். நாந்தான் பாக்கல."

லோகித் மூடியை வாங்கிக்கொண்டான். தன்விகாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. போய் டப்பாவில் மாட்டிவிட்டு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தான்.

மிட்டாய் கொடுத்து, பிள்ளைகள் வீட்டுக்குக் கிளம்பி, பெஞ்சுகள் காலியாயின. அண்ணாச்சி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே தபிதா டீச்சரிடம் ஏதோ கட்டட வேலை பற்றிப் பேசினார். ஜெயபாக்கியம் தோரணத்தை அவிழ்ப்பதுபோல் உள்ளே நின்று காதை மட்டும் வாசலில் வைத்திருந்தாள். வகுப்பைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு படி இறங்கிய பிறகுதான் திரும்பினார்.

"ஆயா வேலைக்கு ஒரு ஆள் பாருங்க டீச்சர். இனிமே ஆள் இல்லாம முடியாதுல்ல."

அவர் தலை மறைந்ததும் ஜெயபாக்கியம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, துடைப்பத்தை எடுத்துத் தரையில் இருந்த மிட்டாய்க் காகிதங்களைப் பெருக்கினாள். வேறு ஆள் வருகிறவரைக்கும் அதையும் யாராவது பெருக்கத்தானே வேண்டும்.

தபிதா டீச்சர் இழுப்பறையைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்துவந்து மேஜைமேல் வைத்தார்.

அதைப் பார்த்ததும் ஜெயபாக்கியத்துக்கு வராந்தாவில் அட்டை வெட்டிய அந்த மதியம் ஞாபகம் வந்தது. சந்தோஷத்துக்கு அடியில் வேறு ஒன்றும் இருந்தது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவைத்தாள். கேட்டுவிடுவது என்று முடிவுசெய்திருந்தாள். கோபமாகக் கேட்கக்கூடாது என்றும் முடிவுசெய்திருந்தாள். இரண்டாவது முடிவு பாதிதான் நின்றது.

"நான் வெட்டும்போது அட்டையைப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்க. பச்சைத் துண்டு ஒண்ணை எடுத்துட்டுப் போனீங்க. அப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்தப் பய அன்னிக்கு அழுதிருக்கமாட்டான். ஏன் டீச்சர் சொல்லல?"

தபிதா டீச்சர் கத்தரிக்கோலின் கூர்ப்பக்கத்தைத் தன் பக்கம் திருப்பி, பிடியை அவளிடம் நீட்டினார்.

"அப்ப உங்க கையில இது இருந்துச்சுக்கா. சொல்லியிருந்தா, வேற கலர்ல வெட்டியிருப்பீங்க."